இடப்பக்கம் இழுத்த டைகர்: ஒரு ரிமோட் டாங்கியின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தது ரிமோட்டில் ஓடும் மாதிரி டைகர் டாங்கி, இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கி ஒன்றின் 1/16 அளவு நகல். வேறொருவர் வைத்திருந்து விற்றது. புகார்கள் மூன்று. நேராக ஓட்டினால் இடப்பக்கம் இழுக்கிறது. இடப்பக்கம் திரும்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. கம்பளத்தின் மேல் நின்ற இடத்திலேயே சுழற்றினால் சில நொடிகளில் எல்லாம் அணைந்துவிடுகிறது, பிறகு தானாகவே மீண்டும் உயிர்பெறுகிறது. உரிமையாளர் என் நண்பர். இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர். இடப்பக்க மோட்டார் தேய்ந்துவிட்டது என்று அவரே முடிவு செய்து, புதிய மோட்டாரையும் வாங்கி வண்டியோடு கொண்டுவந்திருந்தார்.

"மோட்டாரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.

அந்த மோட்டார் இன்னும் பெட்டி பிரிக்கப்படாமல் அவரிடமே இருக்கிறது. உண்மையான கோளாறு மோட்டாருக்கு வெகு தொலைவில், வண்டியின் பின்கோடியில் இருந்தது. அது அங்கிருந்து முன்னேறி ஒவ்வொரு பாகமாகக் கெடுத்துக்கொண்டு வந்த விதத்தை விரிவாக எழுதுவது பயனுள்ளது என்று நினைக்கிறேன். பழைய டாங்கி வாங்குகிறவர்களில் பலர் இதே சங்கிலித்தொடரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புதிய டாங்கியை வாங்கித் தாங்களே 'மேம்படுத்துகிறவர்கள்' இதே தொடரைத் தங்கள் கையாலேயே தொடங்கிவைக்கிறார்கள்.

வண்டியின் அமைப்பு

டாங்கிக்கு ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. சக்கரங்களைச் சுற்றி ஓடும் கண்ணிச் சங்கிலிப் பட்டையைத்தான் டிராக் என்கிறோம். மாதிரி டாங்கியில் இடப்பக்க டிராக்குக்கு ஒரு மோட்டார், வலப்பக்க டிராக்குக்கு ஒரு மோட்டார். இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் நேராகப் போகும். ஒன்று மெதுவானால் அந்தப் பக்கம் திரும்பும். எதிரெதிர்த் திசையில் சுழன்றால் நின்ற இடத்திலேயே வட்டமிடும். எனவே ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் அந்தப் பக்கத்து டிராக்கை ஏதோ ஒன்று பிடித்து நிறுத்துகிறது அல்லது அந்தப் பக்கத்துக்கு மின்சாரம் சரியாகப் போகவில்லை என்று பொருள். இந்த இரண்டில் எது என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை.

மோட்டாரின் வேகத்தைப் பல பல்சக்கரங்கள் படிப்படியாகக் குறைத்து இழுவையாக மாற்றுகின்றன. அந்தக் கியர்பாக்ஸின் கடைசித் தண்டு உடற்கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனையில்தான் டிராக்கை இழுக்கும் பல்வட்டு, அதாவது ஸ்ப்ராக்கெட், பொருத்தப்படுகிறது. டைகருக்கு ஸ்ப்ராக்கெட் முன்பக்கம். டி-34 டாங்கிக்குப் பின்பக்கம். ஸ்ப்ராக்கெட்டுக்கு எதிர்க்கோடியில் இருப்பது ஐட்லர். அது எதையும் இழுப்பதில்லை. டிராக்கைத் தாங்கித் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. ஐட்லரைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்தி டிராக்கின் இறுக்கத்தைச் சரிசெய்யும் வசதி நல்ல மாதிரிகளில் இருக்கும். இந்த வண்டியிலும் இருந்தது.

முந்தைய உரிமையாளர் பிளாஸ்டிக் டிராக்கை எடுத்துவிட்டு உலோக டிராக்கையும் உலோக ஸ்ப்ராக்கெட்டையும் போட்டிருந்தார். கியர்பாக்ஸ் மட்டும் வண்டியோடு வந்த பழையது. அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. உண்மையான டைகர் ஏறக்குறைய 57 டன். 1/16 அளவில் எடையை 16-இன் மும்மடியால், அதாவது 4096-ஆல் வகுக்க வேண்டும். வகுத்தால் 14 கிலோ வருகிறது. பிளாஸ்டிக் டிராக்கோடு வரும் மாதிரி இதில் பாதி எடைகூட இருக்காது. அதனால்தான் அது ஒவ்வொரு மேட்டிலும் துள்ளுகிறது. உலோக டிராக் போட்டவுடன் அந்தத் துள்ளல் அடங்கி, மேல்பகுதி சக்கரங்களின் மேல் கனமாகத் தொய்ந்து கிடக்கும் அழகு வந்துவிடுகிறது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் டிராக் ஜோடியின் எடை மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டும். அந்தக் கூடுதல் எடை முழுவதையும் சுற்றிச் சுழற்றவேண்டியது கியர்பாக்ஸின் அந்தக் கடைசித் தண்டுதான்.

திறப்பதற்கு முன்

முதலில் ரிமோட்டைக் கையில் எடுத்தேன். அதில் திசையை நுணுக்கமாகத் திருத்தும் டிரிம் திருகு வலப்பக்கக் கோடிவரை திருப்பப்பட்டிருந்தது. முந்தைய உரிமையாளருக்கும் இந்த இழுப்பு தெரிந்திருக்கிறது, டிரிம்மால் மறைத்துத்தான் ஓட்டியிருக்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் தேவையில்லை. டிரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து ஓட்டினேன். வண்டி நேராகப் போகாமல் வளைந்து வட்டமே அடித்தது.

பிறகு டாங்கியைக் கட்டைகளின் மேல் ஏற்றி, டிராக்குகள் தரையில் படாமல் தொங்கும்படி வைத்தேன். பேட்டரிக்கும், வண்டியைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகையான போர்டுக்கும் நடுவே மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டரை இணைத்துப் பாதி வேகத்தில் ஒவ்வொரு பக்கமாக ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் 0.8 ஆம்பியர். இடப்பக்கம் 1.7. தரையின் உராய்வே இல்லாதபோது ஒரு பக்கம் மற்றதைப்போல் இருமடங்குக்கு மேல் குடித்தது. மோட்டார் வலுவிழந்திருந்தால் இந்த எண் இப்படிக் கூடியிருக்க வேண்டிய தேவையில்லை. ஏதோ ஒன்று சுமையாக இருக்கிறது, அதை இழுக்க மோட்டார் கூடுதலாக உழைக்கிறது என்பதையே இந்த எண் சொல்கிறது.

அடுத்து, போர்டில் இட, வல மோட்டார்களின் செருகிகளை இடம் மாற்றினேன். இது எந்தக் கருவியும் வேண்டாத சோதனை. ஆனாலும் பலர் செய்வதில்லை. கோளாறு போர்டில் இருந்தால், செருகியை மாற்றியவுடன் வலப்பக்க டிராக் மெதுவாக வேண்டும். மாற்றிய பிறகும் இடப்பக்கமே மெதுவாக ஓடினால் போர்டு குற்றமற்றது. இங்கே இடப்பக்கமே மெதுவாக ஓடியது. போர்டுதான் இந்த வண்டியில் மாற்றுவதற்குக் கடினமான பாகம். ரிமோட், ஒலி, புகை, அகச்சிவப்புக் கதிரால் மற்ற டாங்கியைச் 'சுட்டு' விளையாடும் வசதி எல்லாம் அதோடுதான் பிணைந்திருக்கின்றன. அது பிழைத்துக்கொண்டது பெரிய ஆறுதல்.

டிராக்கைக் கழற்றியபோது

டைகரின் சக்கரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பல அடுக்குகளாகப் பின்னிக்கொண்டு நிற்கும். எடையை அகலமாகப் பரப்புவதற்காகச் செய்யப்பட்ட அமைப்பு அது. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யக் குளிரில் அந்த இடுக்குகளில் சேறும் பனியும் இரவோடு இரவாக உறைந்து சக்கரங்களையே பூட்டிவிட்டன. மாதிரியில் சேற்றின் வேலையை முடியும் நூலும் செய்கின்றன. இடப்பக்கம் இரண்டாவது, மூன்றாவது சக்கரங்களின் அச்சில் கம்பள நாரும் தலைமுடியும் சுற்றிச் சுற்றி ஒரு கெட்டியான வளையமாகவே மாறியிருந்தன. கத்தி முனையால் அறுத்து, இடுக்கியால் இழுத்து எடுத்தேன். இரண்டு சக்கரங்களும் விரல் பட்டாலே சுழலத் தொடங்கின.

பல ஆய்வுகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரிந்த ஒரு காரணம் கிடைத்துவிட்டது. துடைத்து மாட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் வலப்பக்கச் சக்கரங்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு நார் சுற்றியிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒன்று, ஒரு பக்கத்துக்கு மட்டும் உள்ள கோளாறுக்குக் காரணமாக முடியாது.

டிராக் கழன்ற நிலையில் மீண்டும் மின்னோட்டத்தை அளந்தேன். வலப்பக்கம் 0.6, இடப்பக்கம் 0.9. இடப்பக்கத்தின் கூடுதல் சுமையில் பெரும்பகுதி டிராக்கோடு கழன்று போய்விட்டது. எஞ்சிய சிறு பகுதி கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. அப்படியானால் டிராக்கிலேயே ஏதோ இருக்கிறது. இரண்டு டிராக்குகளையும் மேசைமேல் அருகருகே விரித்து நீட்டினேன். ஒரு முனையைச் சேர்த்து வைத்தால் மறுமுனையில் ஒரு கண்ணி அளவு வித்தியாசம் தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன். இடப்பக்க டிராக்கில் ஒரு கண்ணி குறைவு.

ஏன் ஒரு கண்ணியை எடுத்தார்கள் என்பதற்கு விடை ஐட்லரில் கிடைத்தது. வலப்பக்க ஐட்லர் திருகுக்குக் கட்டுப்பட்டு நகர்ந்தது. இடப்பக்க ஐட்லரின் கை மிகவும் முன்தள்ளிய நிலையில், அதாவது டிராக் மிகத் தொய்வாக இருக்கும் நிலையில், இறுகிப் போயிருந்தது. பெயின்ட் அடிக்கும்போது அந்த மூட்டுக்குள் பெயின்ட் இறங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொய்ந்த டிராக் திரும்பும்போது கழன்று விழுந்திருக்கும். ஐட்லரை நகர்த்த முடியாததால் அவர் ஒரு கண்ணியை உருவி எடுத்திருக்கிறார்.

இதில் உள்ள கணக்கு சின்னதுதான், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. உண்மையான டைகரில் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு 130 மி.மீ. 1/16-இல் அது 8 மி.மீ. சுற்று. தொய்வைச் சரிசெய்ய 3 அல்லது 4 மி.மீ. போதும் என்ற இடத்தில் ஒரு முழுக் கண்ணியை எடுத்தால், மீதி 4 மி.மீ. இறுக்கமாக மாறிவிடுகிறது. கண்ணி என்பது முழு எண். அதற்குள் அடங்கும் நுணுக்கத் திருத்தம்தான் ஐட்லரின் வேலை. அந்த வேலையைக் கண்ணியால் செய்ய முடியாது. பிளாஸ்டிக் டிராக்காக இருந்திருந்தால் சிறிது நீண்டு கொடுத்திருக்கும். உலோகம் நீளாது. இழுவை முழுவதும் ஸ்ப்ராக்கெட் தண்டின்மேல் விழுந்தது. சைக்கிள் செயினை அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டினால் பெடல் கனப்பதும் அச்சு தேய்வதும் போலத்தான் இதுவும்.

கியர்பாக்ஸுக்குள்

மூடியைத் திறந்தவுடன் கிரீஸின் நிறம் கதை சொன்னது. வலப்பக்கத்தில் அது வெண்மையாக இருந்தது, சற்று அழுக்கேறியிருந்ததோடு சரி. இடப்பக்கத்தில் சாம்பல் நிறம். விரலில் தேய்த்தால் நரநரவென்று உலோகத் தூள் நெருடியது. கிரீஸில் தூள் கலந்தால் அது மசகாக இருப்பதை விட்டுவிட்டு, அரைக்கும் பசையாக மாறிவிடுகிறது. அதன் பிறகு தேய்மானம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

கடைசித் தண்டைத் தாங்கும் வெளிப்பக்கத் துளை வட்டமாக இருக்க வேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அது பின்பக்கமாக இழுபட்டு முட்டை வடிவத்தில் இருந்தது. ஐட்லர் இருக்கும் திசை அதுதான். துளை விரிந்ததால் தண்டு சாய்ந்திருக்கிறது. தண்டு சாய்ந்ததால் பல்சக்கரத்தின் பற்கள் முழு அகலத்தில் தொடாமல் ஓர் ஓரத்தில் மட்டும் தொட்டிருக்கின்றன. அதே பல்லின் ஒரு விளிம்பு மழுங்கிக் கண்ணாடிபோல் பளபளத்தது; மறுவிளிம்பில் தொழிற்சாலையின் வெட்டுத் தடம் புதிதாக அப்படியே இருந்தது. இரண்டு பற்கள் பாதி உயரத்துக்குக் குறைந்திருந்தன. சுமை ஏறும்போது பல் மேல் பல் ஏறித் தாவியதுதான் அந்த 'டக் டக்'.

மோட்டாரைக் கியரிலிருந்து பிரித்துத் தனியாகச் சுழலவிட்டு அளந்தேன். இரண்டு மோட்டார்களும் ஒரே அளவு மின்சாரத்தையே எடுத்தன. மோட்டாரில் எந்தக் குறையும் இல்லை. புதிய மோட்டாரைப் போட்டிருந்தால் அது இன்னும் பலமாக இழுத்து, மிச்சமிருந்த பற்களை விரைவில் முடித்து வைத்திருக்கும்.

இந்தக் கடைசிப் பல்சக்கரம் ஏன் எப்போதும் பலியாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோட்டாரின் அருகில் உள்ள கியர்கள் வேகமாகச் சுழன்றாலும் அவற்றின்மேல் அழுத்தம் குறைவு. வேகம் குறையக் குறைய விசை கூடுகிறது. அதிகபட்ச விசை கடைசிப் பல்லில்தான். உண்மையான டாங்கிகளிலும் இதுவே நிலை. ஜெர்மனியின் பாந்தர் டாங்கி இந்த இடத்தில்தான் பெயர்கெட்டுப் போனது. போருக்குப் பின் பாந்தர்களைப் பயன்படுத்திய பிரெஞ்சு ராணுவம், அதன் கடைசிப் பல்சக்கரத் தொகுதியின் சராசரி ஆயுள் 150 கி.மீ. மட்டுமே என்று 1947-இல் எழுதிவைத்தது. 1/16 அளவில் சிறுத்தாலும் இயந்திரவியல் விதி சிறுப்பதில்லை.

அணைந்து எரிந்த போர்டு

மூன்றாவது புகாரும் இதே தொடரின் வால்தான். நின்ற இடத்தில் சுழல்வது டாங்கி செய்யும் வேலைகளிலேயே கடினமானது. டிராக் முன்னே உருள்வதோடு, அதன் முழு நீளமும் பக்கவாட்டில் தரையைத் தேய்த்து நகர வேண்டும். கம்பளத்தின் மேல், உலோக டிராக்கோடு, ஒரு பக்கம் ஏற்கெனவே இறுகியும் கிடந்தால் மின்னோட்டம் பலமடங்கு எகிறும்.

பேட்டரியை இணைக்கும் கனெக்டர் பல மாதிரிகளில் வருகிற அதே வெள்ளை பிளாஸ்டிக் வகை. அதன் ஒரு முனை பழுப்பேறி, விளிம்பு லேசாக உருகியிருந்தது. வண்டியைக் கம்பளத்தில் சுழற்றியபடி கனெக்டரின் இருபுறமும் அளந்தேன். பேட்டரிப் பக்கம் 7.0 வோல்ட், போர்டுப் பக்கம் 5.6. நடுவில் காணாமல்போன 1.4 வோல்ட் கனெக்டரில் வெப்பமாக எரிந்துகொண்டிருந்தது. மின்னழுத்தம் இப்படிச் சரிந்தால் போர்டில் உள்ள சிறு கணினி தன்னை அணைத்துக்கொள்ளும். சுமை நின்றவுடன் அழுத்தம் மீளும், போர்டும் உயிர்பெறும். புகை எந்திரத்தை அணைத்துவிட்டுச் சுழற்றினால் சற்று நேரம் கூடுதலாகத் தாக்குப்பிடித்ததும் இதனால்தான். புகை எந்திரத்துக்குள் இருப்பது எண்ணெயைச் சூடாக்கும் கம்பி. அதுவும் மின்சாரத்தைத் தாராளமாகக் குடிக்கும்.

என்னை உண்மையில் கவலைப்படவைத்தது பேட்டரிதான். பழைய நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்குப் பதிலாக இரண்டு செல் லிப்போ (லித்தியம்-பாலிமர்) பேட்டரி இருந்தது. வண்டி அணைந்ததற்குப் பேட்டரி காரணம் என்று முந்தைய உரிமையாளர் நினைத்திருப்பார் போலும். லிப்போ பலமானதுதான், ஆனால் ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போகவிட்டால் கெட்டுப்போகும். இந்த போர்டு நிக்கல் பேட்டரிக் காலத்தது. தாழ்ந்த அழுத்தத்தில் வண்டியை நிறுத்தும் பாதுகாப்பு அதில் இல்லை. விளைவாக, இரண்டு செல்களில் ஒன்று எப்போதும் மற்றதைவிடத் தாழ்ந்தே நின்றது. உறை தலையணைபோல் உப்பியிருந்தது என்று சொல்லுமளவுக்கு இல்லாவிட்டாலும், தட்டையான மேசையில் வைத்தால் ஆடியது. உப்பிய லிப்போவை அதற்குப் பிறகு ஒரு முறைகூடச் சார்ஜ் செய்யக் கூடாது. நண்பர் தயங்கினார், இன்னும் ஓடுகிறதே என்றார். இதில் விட்டுக்கொடுக்க முடியாது என்று சொல்லி, மின்கழிவு சேகரிப்பில் ஒப்படைக்க வைத்தேன். பல்சக்கரம் உடைந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். லிப்போ தீப்பிடித்தால் வீடு எரியும்.

பழுது நீக்கிய வரிசை

காரணத்திலிருந்து தொடங்கினேன். இடப்பக்க ஐட்லரின் கையைக் கழற்றி, மூட்டில் உறைந்திருந்த பெயின்ட்டைச் சுரண்டி, திருகு நகரும்படி செய்தேன். எடுக்கப்பட்ட கண்ணியைத் திரும்பச் சேர்த்தேன். டிராக்கின் மேல்பகுதி சக்கரங்களின் மேல் லேசாகத் தொய்ந்து கிடக்கும் அளவுக்கு இருபுறமும் ஐட்லரைச் சரிசெய்தேன். எவ்வளவு தொய்வு என்று கேட்பவர்களுக்கு என் அளவு இது: கையால் வண்டியை முன்னும் பின்னும் உருட்டும்போது எந்த இடத்திலும் டிராக் இறுகி விறைக்கக் கூடாது, ஸ்ப்ராக்கெட்டின் பல்லைவிட்டு எழும்பவும் கூடாது.

கியர்பாக்ஸை இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னேன். வலப்பக்கம் இன்னும் ஓடக்கூடிய நிலையில் இருந்ததால் இது வீண்செலவு என்று தோன்றலாம். ஆனால் ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால், வேகமும் உராய்வும் பொருந்தாமல் மறுபடி ஒரு பக்கம் இழுக்கும். மறுபடி டிரிம்மைத் திருகவேண்டி வரும். எஃகுப் பற்களும் கடைசித் தண்டுக்குப் பால் பேரிங்கும் கொண்ட ஜோடியைத் தேர்ந்தெடுத்தோம். இவை பெரும்பாலும் 3:1, 4:1 என்ற இரண்டு வகைகளில் விற்கப்படுகின்றன. முன்னது வேகம், பின்னது இழுவை. உலோக டிராக் போட்ட கனமான டைகருக்கு 4:1 என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. உண்மையான டைகரும் பாய்ந்து ஓடிய வண்டி அல்ல.

புதிய கியர்பாக்ஸை மாட்டியவுடன் டிராக்கைப் போடவில்லை. கட்டைமேல் வைத்து, குறைந்த வேகத்தில் முன்னும் பின்னுமாகச் சிறிது நேரம் சுழலவிட்டு, பற்கள் ஒன்றோடொன்று படிந்த பிறகு பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன். பிளாஸ்டிக்குக்குப் பாதகமில்லாத கிரீஸாகப் பார்த்து வாங்க வேண்டும். சில பெட்ரோலிய எண்ணெய்கள் பிளாஸ்டிக்கை விரிசல்விடச் செய்யும். டிராக்கின் கண்ணிகளுக்கு எண்ணெயே வேண்டாம். எண்ணெயில் மண் ஒட்டும், கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளை மண் தின்னும்.

கனெக்டரை வெட்டியெடுத்துவிட்டு, அதிக மின்னோட்டம் தாங்கும் எக்ஸ்.டி.60 வகையைப் பற்றவைத்தேன். புதிய பேட்டரியோடு, செல்லின் அழுத்தம் தாழ்ந்தால் கூச்சலிடும் சிறிய எச்சரிக்கைக் கருவியையும் சேர்த்தோம். டிரிம் நடுவில். கட்டைமேல் அளந்தபோது இரு பக்கமும் 0.8 ஆம்பியர். தரையில் இறக்கி ஓட்டியபோது டிரிம்மைத் தொடாமலே நேராகப் போனது. கம்பளத்தில் சுழற்றினேன், புகையும் ஒலியும் சேர்ந்து ஓட. போர்டு அணையவில்லை.

வாங்கப்போகிறவருக்கு

இந்த வண்டியை விற்பனைக்கு வைத்திருந்தபோதே, திருப்புளியைத் தொடாமல் பாதிக் குறைகளைக் கண்டுபிடித்திருக்கலாம். ரிமோட்டின் டிரிம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. இரு டிராக்குகளின் கண்ணிகளை எண்ணுவது. ஸ்ப்ராக்கெட்டை இரு விரலால் பிடித்து முன்னும் பின்னும் மேலும் கீழுமாக ஆட்டிப் பார்ப்பது. சுழற்சித் திசையில் சிறிது ஆட்டம் இயல்பு, தண்டே சாய்ந்து ஆடினால் துளை தேய்ந்துவிட்டது. பேட்டரிக் கதவைத் திறந்து கனெக்டரின் நிறத்தைப் பார்ப்பது. விற்பவர் வண்டியைப் புல்லிலோ பளிங்குத் தரையிலோ நேராக ஓட்டிக் காட்டினால் அதில் ஒன்றும் தெரியாது. கம்பளத்தில் இரு பக்கமும் நின்ற இடத்தில் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் இருக்கும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு 1/16 அளவையே சொல்வேன். தமியா நிறுவனம் 1974-இல் ஷெர்மன் டாங்கியை ரிமோட் மாதிரியாக வெளியிட்டபோது எடுத்துக்கொண்ட அளவு இது. இன்று ஹெங் லாங், டைகன் போன்றவையும் இதே அளவில் தயாரிப்பதால் ஸ்ப்ராக்கெட், கியர்பாக்ஸ், போர்டு என்று எல்லாவற்றுக்கும் மாற்றுப் பாகம் கிடைக்கிறது. ஒரே டாங்கி பல தரங்களில் விற்கப்படும்போது, பெட்டியில் உள்ள படத்தை விட்டுவிட்டு இரண்டு விவரங்களைத் தேடுங்கள்: கியர்பாக்ஸ் எதனால் ஆனது, போர்டுக்குத் தாழ்ந்த அழுத்தப் பாதுகாப்பு உண்டா. பிளாஸ்டிக் டிராக்கும் எஃகுக் கியர்பாக்ஸும் கொண்ட வண்டி வெகுகாலம் ஓடும். உலோக டிராக்கும் மெலிந்த கியர்பாக்ஸும் கொண்ட வண்டி கண்காட்சி அலமாரிக்கு மட்டுமே ஏற்றது. மேம்படுத்துவதாக இருந்தால் உள்ளிருந்து வெளியே வர வேண்டும்: முதலில் கியர்பாக்ஸ், பிறகு ஸ்ப்ராக்கெட்டும் ஐட்லரும், டிராக் கடைசி. கடைகளின் படங்களில் டிராக்தான் மினுங்கும் என்பதால் பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்ல வண்டிகள் இதனாலேயே பரணுக்குப் போகின்றன.

6 மி.மீ. குண்டு சுடும் வசதியா, அகச்சிவப்புக் கதிரால் சண்டையிடும் வசதியா என்று பலர் கேட்கிறார்கள். குழந்தைகள் அருகில் இருக்கும் வீடென்றால் அகச்சிவப்பு. குண்டு கண்ணில் பட்டால் விளையாட்டு அத்தோடு முடிந்தது.

பராமரிப்பில் அதிக வேலை இல்லை, தவறாமல் செய்வதுதான் முக்கியம். ஓட்டி முடித்தவுடன் சக்கர இடுக்குகளில் உள்ள முடியையும் நாரையும் எடுங்கள், அடுத்த முறைக்கு ஒத்திவைத்தால் அவை இறுகிவிடும். உலோக டிராக்கின் ஊசிகள் ஓட ஓட வெளியே நகர்ந்து வரும். அவை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்து உள்ளே தட்டிவிடுங்கள். புகை எந்திரத்தை எண்ணெய் இல்லாமல் ஓட்டாதீர்கள். திரி கருகினால் புதியது வாங்கவேண்டியதுதான். லிப்போவைப் பல நாள் வைத்திருப்பதானால் முழுச் சார்ஜிலோ காலியாகவோ வைக்காமல், ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது ஆள் அருகில் இருக்க வேண்டும். ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். அவை கசிந்து துருப்பிடித்த ரிமோட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நண்பர் அடுத்ததாக உலோகச் சக்கரங்கள் போட ஆசைப்படுகிறார். இந்த வண்டியின் சக்கரங்களைத் தாங்கும் கைகள் இன்னும் பிளாஸ்டிக். இடப்பக்க முதல் கை, அந்த இறுக்கத்தின் நினைவாக, ஏற்கெனவே சற்று உள்வாங்கி வளைந்திருக்கிறது. முதலில் கைகளை உலோகமாக மாற்றி, அதே எடையில் வண்டியைச் சில மாதம் ஓட்டி, கியர்பாக்ஸைத் திறந்து கிரீஸ் வெண்மையாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சக்கரத்தைப் பற்றி அப்போது பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.